அன்றாடப் பொருள்களுக்குக் கூட்டப்பெயர் உருவாக்குதல்: புதிதாகக் கதை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டுக்கு மந்தை இருக்கிறது. வாழைக்குத் தார் இருக்கிறது. சாவிக்குக் கொத்து இருக்கிறது. கல்யாண மண்டப வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கும், மேசை இழுப்பறைக்குள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சார்ஜர் ஒயர்களுக்கும் அப்படி ஒரு பெயர் வேண்டுமென்றால் எங்கே போவது? கதை எழுதத் தொடங்கும் பலரும் இந்த இடத்தில் "கூட்டம்" என்றோ "குவியல்" என்றோ எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். அப்படிப் போக மனம் ஒப்பாமல் நான் தேடத் தொடங்கியபோது, பள்ளி இலக்கண நூல்களில் ஏற்கெனவே உள்ள கூட்டப்பெயர்களின் பட்டியல்தான் கிடைத்தது; இல்லாத ஒன்றை ஆக்கிக்கொள்ளும் முறையைச் சொல்வார் இல்லை. பல கதைகளில் தட்டுத்தடுமாறி நான் கண்டுகொண்ட வழியை வரிசைப்படுத்திக் கீழே தருகிறேன். அகராதி பார்க்கவும் சந்தைக்குப் போய் நிற்கவும் சோம்பல்படாதவராக நீங்கள் இருந்தால் போதும்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை, ஆகும் செலவு, ஆகும் காலம்

முதல் தேவை ஒரு சிறிய குறிப்பேடு. கைபேசியில் குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் மீன்கடை முன்னால் கைபேசியை எடுத்துத் தட்டத் தொடங்கினால், படம் பிடிக்கிறீர்கள் என்றோ விலை விசாரிக்க வந்த அதிகாரி என்றோ நினைத்துப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சட்டைப் பையில் அடங்கும் நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு விவரங்களைப் பதிந்துவையுங்கள்: சொல், அது எந்தப் பொருளுக்கு வழங்குகிறது, எந்த ஊரில் எந்தத் தொழிலில் கேட்டது, எந்த வினையிலிருந்து பிறந்தது. கடைசி விவரம் ஏன் முக்கியம் என்பது மூன்றாம் படியில் தெரியும்.

இரண்டாவது தேவை அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது) இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இன்றைய வழக்குக்கு, முதலில் 1992இல் வெளிவந்து பிறகு விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். இரண்டுக்கும் வேலை வேறு: நீங்கள் ஆக்கிய சொல் முன்பே வேறு பொருளில் இருந்ததா என்பதைப் பேரகராதி சொல்லும், இன்றைய வாசகர் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வார் என்பதைத் தற்கால அகராதி சொல்லும். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. சென்னையில் கன்னிமாரா நூலகமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும், யாழ்ப்பாணத்தில் பொது நூலகமும் இருக்கின்றன. உட்கார்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வரலாம்.

மூன்றாவது, பேருந்துக் கட்டணமும் ஒரு கூறு மீனோ ஒரு முழம் பூவோ வாங்கும் பணமும். ஒன்றும் வாங்காமல் நின்று கேள்வி கேட்பவரை எந்த வியாபாரிக்கும் பிடிக்காது. நேரமும் பார்த்துப் போக வேண்டும். தோவாளைப் பூச்சந்தையிலோ காசிமேட்டு மீன் துறைமுகத்திலோ விடியற்காலையில் வியாபாரம் உச்சத்தில் இருக்கும். அப்போது ஓரமாக நின்று காதை மட்டும் கொடுங்கள். வெயில் ஏறி, தேநீர் குடிக்க உட்காரும் வேளையில் கேட்டால் கேட்டதற்கு மேலேயே சொல்வார்கள்.

காலக்கணக்கு: சொல் சேர்க்க இரண்டு மூன்று வாரங்கள், ஆக்கிய சொல்லை ஆறப்போட இன்னும் இரண்டு வாரங்கள். நாளை மறுநாள் அனுப்ப வேண்டிய கதைக்காக இன்று உட்கார்ந்து கூட்டப்பெயர் ஆக்க முனையாதீர்கள். அவசரத்தில் பிறப்பவை பெரும்பாலும் உவமைகளாகத்தான் இருக்கும்.

2. ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் பள்ளம் இது. உள்ள சொல்லை அறியாமல் புதிது ஆக்கினால், அந்தத் தொழிலை அறிந்த வாசகர் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். வெற்றிலைக்குக் கவுளி உண்டு. பொதுவாக நூறு இலை என்பார்கள், எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். நாற்றுக்கு முடி உண்டு. நூலுக்குக் கழியும் சிட்டமும் கண்டும் உண்டு. ஒரே தடவையில் வேகும் இட்லிக்கு ஈடு உண்டு. மாத்திரைக்கு அட்டை, சீட்டுக்குக் கட்டு, இரவில் வயலில் மடக்கிப் போட்ட ஆடுகளுக்குக் கிடை, ஒரே பேற்றில் பிறந்த குட்டிகளுக்கு ஈற்று. இவை பாடநூல் பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. பேசும் வாய்களில்தான் வாழ்கின்றன.

ஊர் வேறுபாட்டையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தஞ்சைப் பக்கத்தில் வாழைத்தார் என்பதைக் குமரி மாவட்டத்திலும் இலங்கையிலும் வாழைக்குலை என்பார்கள். நாகர்கோவில் கடைக்காரர் ஒருவர் கதையில் "தார்" என்று பேசினால், அவர் எங்கிருந்து வந்து குடியேறினார் என்ற கேள்வி வாசகருக்கு எழும். அந்தக் கேள்விக்குக் கதையில் விடை இருந்தால் சரி.

இன்னொரு குழப்பத்தையும் தவிர்த்துவிடலாம். சூடாமணி நிகண்டின் பன்னிரண்டாம் தொகுதிக்குப் "பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி" என்று பெயர். பெயரைப் பார்த்தவுடன் வேண்டியது கிடைத்துவிட்டது என்று ஆசையோடு திறக்கத் தோன்றும். அங்கே இருப்பவை இருசுடர், முக்குணம் போன்ற எண் சார்ந்த தொகைகள். முக்கனி என்பது மா, பலா, வாழை ஆகிய வெவ்வேறு மூன்றைச் சேர்த்துச் சொல்வது. குலை என்பது ஒரே இனத்துப் பொருள் பல சேர்ந்த நிலையைச் சொல்வது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

3. கை என்ன செய்தது என்று கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஆங்கிலத்தில் காக்கைக் கூட்டத்தைக் "கொலை" என்றும் ஆந்தைக் கூட்டத்தை "நாடாளுமன்றம்" என்றும் சொல்லும் ஒரு வழக்கு உண்டு. அதைப் படித்துவிட்டு, "நாற்காலிகளின் மௌனம்", "குடைகளின் மாநாடு" என்று எழுதுகிறவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். படிக்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்த மனிதரும் வாழ்க்கையில் "அந்த நாற்காலிகளின் மௌனத்தை எடுத்து உள்ளே வை" என்று சொல்லப் போவதில்லை. சொல்ல முடியாத சொல் கூட்டப்பெயர் ஆகாது. அது கவிதை வரி.

தமிழின் கூட்டப்பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். கட்டியது கட்டு. அடுக்கியது அடுக்கு. குவித்தது குவியல். கோத்தது கோவை. சுருண்டது சுருள். பிடித்தது பிடி. கூறுபோட்டது கூறு. இட்டது ஈடு. நிரைத்தது நிரை. பொருளின் குணத்தையோ அது எழுப்பும் உணர்ச்சியையோ இவை சொல்வதில்லை. பொருள்கள் எந்தச் செயலால் ஒன்றுசேர்ந்தன என்பதையே சொல்கின்றன. பெரும்பாலும் அது கையின் செயல். ஆகவே புதுச் சொல் வேண்டுமென்றால், "இது எதைப்போல் இருக்கிறது?" என்று கேட்காமல், "இவற்றை ஒன்றுசேர்த்தது எது, யார் என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள்.

ஒயர்களையே எடுத்துக்கொள்வோம். யாரும் அவற்றைக் கட்டவில்லை, சுருட்டவில்லை. இழுப்பறையை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அவை தாமாகவே சிக்கிக்கொண்டன. தலைமுடிக்குச் சொல்லும் "சிக்கு" என்ற சொல் அங்கேயே காத்திருக்கிறது. "இழுப்பறையிலிருந்து ஒரு சிக்கு ஒயரை அள்ளி மேசைமேல் போட்டான்." விளக்கம் தேவைப்படவில்லை. சீப்பு, எண்ணெய், பொறுமையின்மை, "இழுக்காதே, வலிக்கிறது" என்ற குரல் ஆகிய எல்லாம் அந்தச் சொல்லோடு கூடவே வந்துவிடுகின்றன.

இன்னொன்று: உணவுப் பொட்டலங்களை வீடு தேடிக் கொண்டுவரும் இளைஞர் வண்டியின் கைப்பிடியில் பைகளைத் தொங்கவிட்டிருக்கிறார். தொங்கு என்ற வினையோடு "அல்" சேர்த்தால் தொங்கல். "இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு தொங்கல் பை." பேரகராதியில் தேடினால் தொங்கலுக்கு மாலை என்றும் பொருள் இருப்பது தெரியவரும், வண்டிக்கு மாலை போட்டதுபோல் ஒரு நிழல் விழுகிறது. அந்த நிழல் உங்கள் கதைக்கு உதவுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில வாசகர்கள் அதைக் கட்டாயம் பார்ப்பார்கள்.

வினையிலிருந்து பெயர் ஆக்கும் வழிகள் இலக்கணத்தில் முன்பே வகுத்தவைதான். வினைப் பகுதியே பெயராகலாம் (கட்டு, அடுக்கு). முதலெழுத்து நீளலாம் (இடு, ஈடு). விகுதி ஏறலாம் (குவியல், தொகுதி, கோவை). இந்த மூன்றுக்கு வெளியே போக வேண்டிய தேவை எனக்கு இதுவரை ஏற்படவில்லை.

எச்சரிக்கை ஒன்று. பழைய மளிகைக் கடைகளில் பில்களைக் கூரான கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். விதிப்படி அது "ஒரு குத்து பில்" ஆக வேண்டும். ஆனால் குத்து என்றதும் குத்துச்சண்டையும் குத்துப்பாட்டும் முந்திக்கொண்டு வந்து நிற்கும். இன்றைய வாசகரின் காதில் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்ட சொல்லோடு மல்லுக்கட்டாதீர்கள். வேறு வினை பாருங்கள்.

4. இடத்தையே அளவாக்கிப் பாருங்கள்

"ஒரு குடம் தண்ணீர்", "ஒரு கூடைப் பூ" என்று கொள்கலத்தால் அளப்பது நமக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் நீட்டினால், பொருள் கிடக்கும் இடமே அதன் கூட்டப்பெயர் ஆகிவிடும். "ஒரு கொடித் துணி காய்ந்துகொண்டிருந்தது." "ஒரு வாசல் செருப்பு கிடந்தது. உள்ளே பேச்சுக்குரலே இல்லை." இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். வாசல் நிறையச் செருப்பு என்றால் வீட்டுக்குள் ஏதோ நடக்கிறது என்பது தெரியும். குரல் இல்லை என்றவுடன் அது கல்யாணப் பேச்சு இல்லை என்பதும் தெரிந்துவிடும். இழவு என்ற சொல்லை எழுதவே வேண்டியதில்லை.

இந்த வழி மிகவும் மலிவானது, எளிதில் பழகிவிடக்கூடியது. அதனாலேயே ஒரு கதைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். இரண்டாம் முறை "ஒரு திண்ணைக் கிழவர்கள்" என்று எழுதும்போது வாசகர் உத்தியைக் கண்டுபிடித்துவிடுவார்.

5. ஒரு தொழிலின் சொல்லை இன்னொரு பொருளுக்குக் கொண்டுபோங்கள்

மூன்றாம் படி புதுச் சொல் ஆக்குவது. இது பழைய சொல்லைப் புது இடத்தில் குடிவைப்பது. எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். முதல் படியில் குறிப்பேட்டில் சேர்த்தவை இங்கே பயன்படும்.

மீன்கடைக் கூறிலிருந்து தொடங்குவோம். நனைந்த சாக்கின்மேல் ஐந்தாறு மீன்களைச் சின்னக் குவியலாக வைப்பார் மீன்காரம்மா. அது ஒரு கூறு. அடுத்து இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. கூறுகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உற்றுப் பார்த்தால் பெரிய மீன் மேலேயும் சிறியவை அடியிலும் இருக்கும். விலை படியாமல் வாடிக்கையாளர் நகர முனைந்தால், ஓரத்திலிருந்து ஒரு மீனை எடுத்துக் கூறின்மேல் போடுவார், அது கொசுறு. இப்போது அந்த மீன்காரம்மாவுக்கு வயதாகிவிட்டது, வியாபாரத்தை விட்டுவிட்டார், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்று கதை வைத்துக்கொள்ளுங்கள். பேத்தி அட்டைகளிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கித் தருகிறாள். பாட்டி அவற்றைத் தட்டில் மூன்றாகப் பிரிக்கிறார்.

"காலைக்கு ஒரு கூறு, மத்தியானத்துக்கு ஒரு கூறு, ராத்திரிக்கு ஒரு கூறு. இந்த மஞ்ச மாத்திரை எதுக்குடி?"

"டாக்டர் புதுசா எழுதிக் குடுத்திருக்காரு, ஆயா."

"கொசுறா? எந்தக் கூறுல போட?"

பாட்டியின் பழைய தொழிலைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரி கூட எழுத வேண்டியதில்லை. கூறு என்ற சொல்லே அதைச் சுமந்துகொண்டு வந்துவிட்டது. தொழிற்சொல்லை இடம் மாற்றும்போது கிடைக்கும் ஆதாயம் இதுதான்: பொருளுக்குப் பெயர் கிடைக்கிறது, பேசுகிறவரின் வாழ்க்கையும் கூடவே கிடைக்கிறது.

அடுத்தது கிடை. அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை இரவு முழுவதும் மடக்கி வைப்பது கிடை போடுவது. ஆட்டுக்காரர் காவல் இருப்பார், விடிந்ததும் ஆடுகள் போய்விடும், எரு மட்டும் நிற்கும், வயல்காரர் அதற்குப் பணம் தருவார். புகைவண்டி நிலையத்துக்கு வெளியே நெருக்கியடித்து நிற்கும் இருசக்கர வண்டிகளும் மடக்கி நிறுத்தப்பட்டவைதான், காவலுக்கு ஆள் உண்டு, எடுக்க வந்தவர் தம் வண்டியை அடையாளம் காண முடியாமல் திணறுவார். "நிலையத்தை ஒட்டி ஒரு கிடை பைக் நின்றது." ஒன்றுதான் தலைகீழ்: அங்கே நிலத்துக்காரர் பணம் தருகிறார், இங்கே வண்டிக்காரர் தருகிறார். கிராமத்திலிருந்து வந்து அந்த ஸ்டாண்டில் ரசீது கிழிக்கும் பாத்திரம் ஒன்று உங்களிடம் இருந்தால், அந்தத் தலைகீழே ஒரு பக்கம் எழுதத் தரும்.

பழைய இலக்கியச் சொல்லையும் எடுக்கலாம். ஆனால் அது தன் கதையையும் இழுத்துக்கொண்டு வரும் என்பது நினைவிருக்கட்டும். நிரை என்றால் பசுக்கூட்டம். நிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. தண்ணீர் லாரிக்காகத் தெருவில் நிற்கும் மஞ்சளும் பச்சையுமான பிளாஸ்டிக் குடங்களைக் "குட நிரை" என்று எழுதினால், விவரம் அறிந்த வாசகர் அடுத்த பத்தியில் ஒரு சண்டையை எதிர்பார்ப்பார். வரிசையில் யாரோ குடத்தை நகர்த்தி வைத்துவிட்டார்கள், அதற்கு உரியவர் ஓடிவருகிறார் என்று கதை போனால் சொல் பலித்துவிட்டது. வெறுமனே வரிசை என்று சொல்வதற்காக மட்டும் நிரையைப் போட்டால் அது அலங்காரம், அதுவும் புழுதி படிந்த அலங்காரம்.

வலசை, சாரை போன்றவற்றுக்கும் இதே கணக்குத்தான். மழை நாளில் பள்ளி விடும் நேரத்துக்குத் தெருக்களிலிருந்து புறப்பட்டு வாயிலை நோக்கிப் போகும் குடைகளுக்குக் "குடை வலசை" பொருந்தலாம், ஏனென்றால் அவை குறித்த காலத்தில் போய்க் குறித்த காலத்தில் திரும்புகின்றன. வீட்டு மூலையில் சாத்தி வைத்த குடைகளுக்குப் பொருந்தாது.

கதம்பம் என்ற சொல்லை மட்டும் தொடாதீர்கள். பல பூக்களைக் கலந்து கட்டிய சரத்துக்குரிய அருமையான சொல் அது; பத்திரிகைகளின் துணுக்குப் பகுதிகளுக்குத் தலைப்பாகியே தேய்ந்துவிட்டது. வளையல், பாத்திரம் ஆகியவற்றுக்குக் "கலகலப்பு", "கணகணப்பு" என்று ஒலியிலிருந்து பெயர் ஆக்குவதும் அப்படித்தான். முதலில் யார் காதிலும் விழுவது அதுதான் என்பதால் எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

6. வாக்கியத்துக்குள் சரியாக உட்கார வையுங்கள்

சொல் நன்றாக அமைந்தும் வாக்கியத்தில் தவறாக வைத்ததால் கெட்டுப்போவது உண்டு. தமிழில் கூட்டப்பெயர் இரண்டு விதமாக வரும். எண்ணும்போது முன்னால் வரும்: ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு கட்டுக் கீரை. ஒரே பொருளாகப் பார்க்கும்போது பின்னால் வரும்: வாழைச்சீப்பு, கீரைக்கட்டு. புதுச் சொல்லை முதன்முதலில் அறிமுகப்படுத்தும்போது முன்னால் வைப்பது நல்லது; "ஒரு சிக்கு ஒயர்" என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு "ஒயர்ச் சிக்கு" என்று வந்தாலும் வாசகர் தடுமாறமாட்டார். "ஒயர்களின் சிக்கு" என்று "இன்" உருபு போட்டு எழுதுவதை விட்டுவிடுங்கள். வாழைப்பழங்களின் சீப்பு என்று யாரும் கடையில் கேட்பதில்லை.

கூட்டப்பெயர் முன்னால் வந்தால் பொருளுக்குக் "கள்" விகுதி வேண்டியதில்லை: ஒரு வாசல் செருப்பு, ஒரு கூறு மாத்திரை. வினை ஒருமையில் முடியும்: செருப்பு கிடந்தது. பன்மையில் முடித்தால் கூட்டம் கலைந்து தனித்தனிச் செருப்புகளாகிவிடும். சில நேரம் அதுவே உங்களுக்குத் தேவைப்படலாம்: துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிளம்பும்போது, "ஒரு வாசல் செருப்பு கிடந்தது" என்று தொடங்கியது "செருப்புகள் ஒவ்வொன்றாகப் போயின" என்று முடியலாம்.

புணர்ச்சியில் கவனம் தேவை. கல்லும் குவியலும் சேர்ந்தால் கற்குவியல். புல்லும் கட்டும் சேர்ந்தால் புற்கட்டு. ஆட்டு மந்தையில் டகரம் இரட்டிப்பதுபோல் கயிறு என்பது கயிற்றுக் கற்றை ஆகும். குடத்தின் மகரம் கெட்டுக் குட நிரை ஆகும். இவை தமிழ்ச் சொற்களுக்கு. பிறமொழிச் சொல்லில் இந்தத் திரிபுகளைச் செய்தால் விபரீதம்தான். பில் கட்டு என்பதைப் "பிற்கட்டு" என்று எழுதினால் பின்னால் உள்ள கட்டு என்றாகிவிடும். கேபிள் சிக்கை விதிப்படி "கேபிட்சிக்கு" என்று ஆக்கிப் பாருங்கள். எழுதியவருக்கே அடுத்த நாள் அது என்னவென்று தெரியாது. பிறமொழிச் சொல் லகர ளகரத்தில் முடிந்தால், பிரித்தே எழுதி விட்டுவிடுங்கள்.

7. யார் வாயில் வருகிறது என்று தீர்மானியுங்கள்

மாத்திரையைக் கூறு என்று சொல்ல மீன்காரப் பாட்டிக்கு உரிமை இருக்கிறது. அதே சொல்லை அவருடைய மருத்துவர் சொன்னால் நம்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் பக்கத்தில், அதைக் கதையில் யார் சொல்லலாம் என்று குறித்துவையுங்கள். யார் வாயிலும் பொருந்தாத சொல்லைக் கதைசொல்லியின் கணக்கில் எழுதிவிடலாம் என்று தோன்றும். அந்தக் கணக்கு சீக்கிரம் நிரம்பிவிடும்: கதைசொல்லி மட்டும் விதவிதமாகப் பெயர் சூட்டிக்கொண்டே போனால், வாசகர் கதையை விட்டுவிட்டு அடுத்த பெயர் என்ன என்று பார்க்கத் தொடங்குவார். ஒரு சிறுகதையில் இரண்டு, மிஞ்சினால் மூன்று புதுக் கூட்டப்பெயர்கள் தாங்கும். குழந்தைகளுக்கான கதையில் இந்த வரம்பு இல்லை. அங்கே பெயர் சூட்டுவதே விளையாட்டாக இருக்கலாம்.

8. ஆறப்போட்டுச் சோதியுங்கள்

இரண்டு வாரம் கழித்துக் குறிப்பேட்டைத் திறந்து, சொல் இருக்கும் வாக்கியத்தை மட்டும் தனியாக ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கதையைச் சொல்லாதீர்கள். அவர் "அப்படி என்றால்?" என்று கேட்டால் சொல் தேறவில்லை. "நல்லா இருக்கே" என்று சொன்னாலும் சந்தேகப்படுங்கள். அவர் கண்ணில் பொருள் படாமல் சொல் பட்டிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல், "செருப்பு அவ்வளவு கிடந்தா, உள்ளே யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சோதனை: புதுச் சொல்லை எடுத்துவிட்டு "கூட்டம்" என்றோ "குவியல்" என்றோ போட்டுப் படியுங்கள். பத்தி எதையும் இழக்கவில்லை என்றால் பழைய சொல்லே இருக்கட்டும். சேர்த்த சொற்களில் பெரும்பகுதி இந்த இடத்தில் உதிர்ந்துவிடும். அவற்றைக் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட வேண்டாம். வேறொரு கதையில் வேறொரு பாத்திரத்துக்குத் தேவைப்படும்.

சொல்லுக்குப் பக்கத்திலேயே விளக்கம் எழுதும் பழக்கத்தையும் இப்போதே வெட்டுங்கள். "ஒரு கிடை பைக், அதாவது ஆடுகளைப்போல் மடக்கி நிறுத்திய பைக்குகள்" என்று எழுதினால், சொல்லை ஆக்கியதற்கே பொருளில்லை. மேற்கோள் குறிக்குள் வைப்பதும் விளக்கம்தான். வாசகரின் முழங்கையைத் தட்டி, இதைக் கவனித்தீர்களா என்று கேட்பதற்குச் சமம்.

9. இதழுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கூடுதலாக வையுங்கள்

பலரும் அறியாத கடைசிப் பள்ளம் மெய்ப்பு பார்க்கும் மேசையில் இருக்கிறது. மெய்ப்பு பார்ப்பவரின் வேலை பிழையைத் திருத்துவது. அவர் கண்ணுக்குப் புதுச் சொல்லும் பிழையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓர் இதழில் வந்த என் கதையில் "ஒரு சிக்கு ஒயர்" என்பது "ஒரு சிக்கல் ஒயர்" என்று அச்சாகி வந்தது. திருத்தியவர் நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார்; சிக்கல் அகராதியில் தடித்த எழுத்தில் இருக்கிறது, ஒயருக்கும் பொருந்துவதுபோல் தோன்றுகிறது. வாசகருக்கோ அந்த ஒயரில் ஏதோ பழுது என்று பட்டது.

ஆகவே கதைப்பிரதியோடு தனித்தாள் ஒன்றை இணையுங்கள். அதில் நீங்கள் ஆக்கிய, அல்லது இடம் மாற்றிய சொற்கள், பிரதியில் அவை வரும் பக்க எண், "இவ்வாறே இருக்க வேண்டும்" என்ற ஒரு வரி ஆகியவை மட்டும் இருந்தால் போதும். காரணம் எழுதத் தொடங்கினால் அது கட்டுரையாகிவிடும், யாரும் படிக்கமாட்டார்கள். தனித்தாளைப் பிரதி அனுப்பும்போதே சேர்த்துவிட வேண்டும். பக்கம் வடிவமைத்த பிறகு தொலைபேசியில் சொன்னால், வரி ஓடிப்போகும் என்ற காரணத்தால் மறுத்துவிடுவார்கள், அதில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்புவதாக இருந்தால், தனித்தாளைத் தனிக் கோப்பாக இணைக்காமல் கதைக் கோப்பின் முதல் பக்கமாகவே வையுங்கள். தனிக் கோப்புகள் ஆசிரியரோடு நின்றுவிடும். மெய்ப்பு மேசைக்குப் போவது கதைக் கோப்பு மட்டும்தான்.

அச்சாவதற்கு முன் மெய்ப்பை உங்களுக்குக் காட்டுவார்களா என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். எல்லா இதழ்களும் காட்டுவதில்லை. காட்டினால், கதையை முதலிலிருந்து படிக்க உட்காராமல், தனித்தாளில் உள்ள பக்க எண்களுக்கு மட்டும் போய்ச் சரிபார்த்து, அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.